துண்டு தனியே நின்றால் உடல் திரும்பிப் பார்க்காது



சென்ற இதழில் பிள்ளைகளின் மஞ்சள் நிறத் தடுப்பூசிப் புத்தகம் பற்றி எழுதியதைப் பார்த்துவிட்டுப் பலர் தொலைபேசியில் கதைத்தீர்கள். அதில் ஒரு சகோதரி கேட்ட கேள்விக்கு இந்த இதழில் விரிவாகப் பதில் எழுதுகிறேன். அவருடைய கணவரின் தமையனுக்குப் புற்றுநோய். சத்திரசிகிச்சை முடிந்துவிட்டது. இப்போது வைத்தியசாலையில், புதிய பெப்ரைட்டுத் தடுப்பூசி ஒன்றைப் பரீட்சித்துப் பார்க்கிறோம், விரும்பினால் சேரலாம் என்று ஒரு கட்டுக் கடதாசி கொடுத்திருக்கிறார்கள். “தம்பி, தடுப்பூசி எண்டால் வருத்தம் வராமல் இருக்கத்தானே போடுறது? வந்த பிறகு எதுக்கு? இதில கையெழுத்து வைக்கலாமோ?” என்று கேட்டார்.

நான் வைத்தியர் அல்ல. ஓ.எல். பரீட்சையோடு படிப்பு நின்றுபோனவன். பிளாஸ்ரிக் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் இயந்திரத்துக்கு முன்னால் நிற்பவன். வையுங்கள் என்றோ வைக்க வேண்டாம் என்றோ சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் இது என்ன ஊசி, இதற்குப் பின்னால் என்ன கதை இருக்கிறது என்பதை வாசித்து அறிந்த அளவில் சொல்ல முடியும். விளங்காமல் கையெழுத்து வைப்பதும் சரியல்ல, விளங்காமல் பயந்து ஒதுங்குவதும் சரியல்ல.

முதற் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். தடுப்பூசி என்பது உடலுக்குக் கொடுக்கும் ஒரு பாடம். ‘இப்படி ஒருவன் வருவான், அடையாளம் பார்த்து வைத்துக்கொள்’ என்று சொல்வது. நோய் வருமுன் சொன்னால் அது தடுப்பு. புற்றுநோயில், கெட்ட கலங்கள் உடலுக்குள்ளேயே மறைந்து இருக்கும்போது, ‘இதோ இவன்தான்’ என்று காட்டிக்கொடுக்கப் பார்க்கிறார்கள். முறை ஒன்று என்பதால் அதையும் தடுப்பூசி என்றே அழைக்கிறார்கள்.

பெப்ரைட்டு என்றால் என்ன?

எமது உடலிலும் கிருமிகளின் உடலிலும் வேலை செய்பவை புரதங்கள். புரதம் என்பது அமினோ அமிலம் என்ற மணிகளைக் கோர்த்த நீண்ட மாலை. அந்த மணிகளில் 20 வகை உண்டு. எந்த மணிக்குப் பின் எந்த மணி என்ற ஒழுங்குதான் ஒரு புரதத்தை இன்னொன்றிலிருந்து வேறுபடுத்துகிறது. அந்த மாலையில் பத்து, இருபது மணி கொண்ட சிறு துண்டுதான் பெப்ரைட்டு.

பழைய தடுப்பூசிகளில் முழுக் கிருமியையே கொன்றோ பலவீனப்படுத்தியோ போட்டார்கள். பிறகு விஞ்ஞானிகளுக்கு ஒரு யோசனை வந்தது. கிருமியை அடையாளம் காட்ட அதன் ஒரு துண்டு போதாதா? முழு ஆளும் எதற்கு, முகத்தின் படம் காணாதா? துண்டை ஆய்வுகூடத்திலேயே செய்யலாம். கிருமியை வளர்க்கத் தேவையில்லை, அதனால் நோய் வரும் என்ற பயமும் இல்லை.

செய்வதற்கு வழியும் கிடைத்தது. 1963இல் அமெரிக்காவின் புரூஸ் மெரிபீல்ட் என்ற இரசாயன விஞ்ஞானி, சிறு பிசின் மணி ஒன்றில் முதல் அமினோ அமிலத்தை ஒட்டிவைத்து, அதன் மேல் ஒன்று, அதன் மேல் ஒன்று என்று அடுக்கிக்கொண்டே போகும் முறையை வெளியிட்டார். ஒவ்வொரு அடுக்குக்கும் பின் கழுவிவிட்டால் மிச்சம் போய்விடும், ஒட்டியது மட்டும் நிற்கும். எங்கள் தொழிற்சாலை பெல்ற்றில் ஒவ்வொரு ஆளும் ஒவ்வொரு பாகத்தைப் பூட்டி அடுத்தவருக்கு அனுப்புவது போலத்தான். இதற்காக 1984இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று இயந்திரங்களே இந்த வேலையைச் செய்கின்றன.

எல்லாம் சரி. ஆனால் துண்டை ஊசியில் போட்டபோது உடல் அதைப் பெரும்பாலும் கவனிக்கவே இல்லை.

உடல் ஏன் கவனிப்பதில்லை?

காரணங்கள் பல. முக்கியமானவற்றைச் சொல்கிறேன்.

ஒன்று, துண்டு மிகச் சிறியது. இரத்தத்தில் உள்ள நொதியங்கள் அதன் இரு முனைகளிலிருந்தும் வெட்டத் தொடங்கிவிடும். மிச்சத்தைச் சிறுநீரகம் வடித்து வெளியே அனுப்பிவிடும். பாடம் தொடங்குமுன் புத்தகம் போய்விடுகிறது.

இரண்டு, அதில் ஆபத்துக் குறி எதுவும் இல்லை. உண்மையான கிருமியின் மேல் எமது உடலில் இல்லாத கொழுப்புகள், சர்க்கரைகள் இருக்கும். அவற்றைக் கண்டதும் காவற் கலங்கள் விழித்துக்கொள்ளும். சுத்தமாகச் செய்த பெப்ரைட்டில் அது எதுவும் கிடையாது. சத்தம் போடாமல் வருபவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

மூன்று, அதற்கு வடிவம் இல்லை. முழுப் புரதத்தில் இருக்கும்போது அந்தத் துண்டு ஒரு குறிப்பிட்ட வளைவில் மடிந்து நிற்கும். வெட்டி எடுத்தால் அறுந்த நூல் போல ஆடிக்கொண்டிருக்கும். நூலைப் பார்த்துப் பழகிய உடல், உண்மையான வளைவைக் காணும்போது இவன்தான் என்று கண்டுகொள்ளாமல் போகலாம்.

நான்கு, ஒரு கையெழுத்து மட்டுமே கிடைக்கிறது. இந்த நாட்டுக் கந்தோர்களில் சில கடிதங்கள் இரண்டு பேர் ஒப்பமிட்டால்தான் செல்லும் அல்லவா? உடலிலும் அப்படித்தான். பிறபொருளெதிரி எனப்படும் நோயெதிர்ப்புப் புரதத்தைச் செய்பவை பி கலங்கள். அவை துண்டைக் கண்டு பிடித்தாலும், ரி கலம் என்ற இன்னொன்று அனுமதி கொடுக்க வேண்டும். ரி கலத்துக்குக் காட்டுவதற்கு வேறொரு வகைத் துண்டு தேவை. அதுவும் ஆளுக்கு ஆள் வேறுபடும். உங்கள் உடல் தூக்கிக் காட்டும் துண்டை என் உடல் தூக்கிக் காட்டாமல் விடலாம்.

ஆக, பெப்ரைட்டை அப்படியே போட்டுப் பயனில்லை. அதை இரசாயன முறையில் மாற்ற வேண்டும். முனைகளை மூடலாம். வளையமாகக் கட்டி வடிவம் கொடுக்கலாம். பெரிய புரதத்தோடு பிணைக்கலாம். கொழுப்பு வால் ஒட்டலாம். ஒரு மணியை எடுத்துவிட்டு வேறு மணி வைக்கலாம். இந்த வேலைதான் அரை நூற்றாண்டாக நடக்கிறது.

துணைக்கு ஒருவரைக் கட்டுதல்

பெரிய புரதத்தோடு பிணைக்கும் யோசனை பெப்ரைட்டுகளுக்கு முன்பே வந்தது. இரத்த வகைகளைக் கண்டுபிடித்த கார்ல் லான்ட்ஸ்ரைனர் என்பவர், தனியே போட்டால் உடல் சட்டை செய்யாத சிறு இரசாயனப் பொருள்களை ஒரு புரதத்தில் ஒட்டிப் போட்டால், அவற்றுக்கு எதிராகவும் பிறபொருளெதிரி உண்டாகிறது என்று 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் காட்டினார். சிறியதைப் பி கலம் பிடிக்கிறது. அதோடு ஒட்டிக்கொண்டு வரும் புரதத்தை வெட்டி ரி கலத்துக்குக் காட்டுகிறது. இரண்டாவது கையெழுத்தும் கிடைத்துவிடுகிறது. நியூயோர்க்கில் ஒஸ்வால்ட் ஏவெறியும் வால்ரர் கோபெலும் 1929 முதல் நிமோனியாக் கிருமியின் சர்க்கரை உறையைப் புரதத்தோடு பிணைத்து முயல்களில் இதையே செய்து காட்டினார்கள்.

இது உங்கள் வீட்டு மஞ்சள் புத்தகத்திலும் இருக்கிறது. ஜேர்மனியில் குழந்தைக்கு 2, 4, 11 மாதங்களில் போடும் ஆறு நோய் ஊசியில் ஹிப் என்று ஒன்று உண்டு. குழந்தைகளின் மூளை உறையைத் தாக்கும் கிருமி அது. அதன் சர்க்கரை உறையை மட்டும் வைத்து 1985இல் அமெரிக்காவில் ஒரு ஊசி வந்தது. ஆனால் ஒன்றரை வயதுக்குக் குறைந்த குழந்தைகளில் அது சரியாக வேலை செய்யவில்லை. கிருமி அதிகம் தாக்குவதோ அந்தச் சின்னப் பிள்ளைகளைத்தான். பிறகு அதே சர்க்கரையைப் புரதத்தோடு இரசாயனமாகப் பிணைத்தார்கள். 1990 முதல் அந்த ஊசி அமெரிக்காவில் கைக்குழந்தைகளுக்கும் போடப்பட்டது. அதற்கு முன் அங்கே ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஆண்டுக்கு ஏறக்குறைய 20,000 பேர் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்கள். பின்னர் அது நூற்றுக்கு 99 பங்கு குறைந்தது.

இது சர்க்கரை, பெப்ரைட்டு அல்ல. ஆனால் பிணைத்துக் கட்டும் வேலை ஒன்றுதான். பிணைக்கும் புரதமாகப் பெரும்பாலும் ஏற்பு நோய்க் கிருமியின் நஞ்சை நச்சில்லாமல் ஆக்கிப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே துணையோடு கட்டுதல் என்பது வெறும் பரிசோதனைக் கதை அல்ல. எங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும் விடயம்.

மலேரியாவின் கதை

பெப்ரைட்டுக்கு வருவோம். இதற்கு மலேரியாவை விட நல்ல உதாரணம் இல்லை. எங்களில் வன்னியில் வளர்ந்தவர்களுக்கு மலேரியாவை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பின்னேரம் குளிர்ந்து நடுங்கத் தொடங்கி, சாக்கை எடுத்துப் போர்த்தாலும் அடங்காத அந்த நடுக்கமும், தொண்டையை விட்டுப் போகாத குளோரோகுயின் கசப்பும் இன்னும் நினைவில் இருக்கும்.

நுளம்பு கடிக்கும்போது உள்ளே வரும் மலேரியாக் கிருமியின் மேலுறைப் புரதத்தில் நான்கு மணிகள் திரும்பத் திரும்ப வருகின்றன என்று 1984இல் கண்டார்கள். அஸ்பரஜின், அலனின், அஸ்பரஜின், புரொலின். இப்படியே வரிசையாக. அந்த நான்கை மூன்று முறை கோர்த்துப் பன்னிரண்டு மணிப் பெப்ரைட்டு ஒன்றைச் செய்து, ஏற்பு நோய் ஊசியின் புரதத்தோடு பிணைத்து, 1987இல் அமெரிக்காவில் சில தொண்டர்களுக்குப் போட்டுப் பார்த்தார்கள். பிறபொருளெதிரி உண்டானது, ஆனால் காணாது. அதிகம் உண்டான மூவரை மலேரியா நுளம்பு கடிக்க விட்டார்கள். ஒருவர் தப்பினார். மற்ற இருவருக்கும் காய்ச்சல் பிந்தி வந்தது. ஊசியின் அளவைக் கூட்டலாம் என்றால் அதுவும் முடியவில்லை. எல்லோருக்கும் ஏற்பு ஊசி முன்பே போட்டிருந்ததால் உடல் அந்தப் புரதத்தோடுதான் மல்லுக்கட்டியது. மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் தோழனையே பார்த்துக்கொண்டிருந்த கதைதான்.

அதே ஆண்டு கொலம்பியாவில் மனுவேல் எல்கின் பற்றாரோயோ என்ற வைத்தியர் இன்னொரு வழியில் போனார். இரத்தத்தில் இருக்கும் மலேரியாக் கிருமியின் மூன்று புரதத் துண்டுகளை எடுத்து, அந்த நான்கு மணிக் கோர்வையை இடையில் வைத்து இணைத்தார். இரு முனையிலும் சிஸ்ரீன் என்ற அமினோ அமிலத்தை வைத்தார். சிஸ்ரீனும் சிஸ்ரீனும் கைகோர்க்கும். அப்படியே துண்டுகள் ஒன்றோடொன்று கோர்த்து நீண்ட சங்கிலியாகிவிடும். துணைப் புரதம் தேவையில்லை, துண்டே பெரிதாகிவிட்டது. எஸ்.பி.எப். 66 என்று அதற்குப் பெயர். முழுக்க முழுக்க இரசாயன முறையில் செய்த மலேரியா ஊசி. குரங்குகளில் நல்ல பலன் என்றார்கள். 1993இல் கொலம்பியாவில் மனிதர்களில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் பலன் என்று வந்தது. 1994இல் தன்சானியாவில் பிள்ளைகளில் நூற்றுக்கு 31. உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. வறிய நாட்டு விஞ்ஞானி ஒருவர் வறிய மக்களுக்காகச் செய்த மருந்து என்று எல்லோருக்கும் மகிழ்ச்சி.

பிறகு 1995இல் கம்பியாவில் கைக்குழந்தைகளில் பார்த்தார்கள். பலன் நூற்றுக்கு 8 மட்டுமே. 1996இல் தாய்லாந்து எல்லையில் இருந்த கரென் அகதி முகாமின் முடிவு வந்தது. 2 முதல் 15 வயது வரையான 1,200க்கு மேற்பட்ட பிள்ளைகள். ஊசி போட்ட பிள்ளைகளின் இரத்தத்தில் பிறபொருளெதிரி உண்டாகியிருந்தது. ஆனால் மலேரியா குறையவில்லை. ஊசி போடாதவர்களுக்கு வந்த அளவுக்கு இவர்களுக்கும் வந்தது.

இந்த இடத்தை நான் வாசித்தபோது சற்று நேரம் நிறுத்திவிட்டேன். அதுவும் எங்களைப் போல ஓடிவந்தவர்களின் முகாம். அங்கேயும் தாய்மார் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றிருப்பார்கள். அவர்களை யாரும் ஏமாற்றவில்லை. அந்தப் பரீட்சை ஒழுங்காக நடந்தது, முடிவு மறைக்கப்படாமல் வெளிவந்தது. அந்தப் பிள்ளைகள் கை நீட்டியபடியால்தான் அந்த ஊசி பயன் தராது என்பது உலகத்துக்குத் தெளிவாயிற்று. வேறு இலட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு வீணாகப் போடாமல் கைவிட்டார்கள். பலன் இல்லை என்ற முடிவும் ஒரு முடிவுதான்.

பற்றாரோயோ அதோடு நிற்கவில்லை. கிருமி எமது கலங்களைப் பற்றிப்பிடிக்கப் பயன்படுத்தும் துண்டுகளை உடல் கண்டுகொள்வதே இல்லை என்று கண்டு, அவற்றில் முக்கியமான மணிகளை எடுத்துவிட்டு, ஏறக்குறைய அதே பருமனும் வேறு குணமும் உள்ள மணிகளை வைத்தார். அப்படி மாற்றியபின் குரங்குகளின் உடல் அவற்றைக் கவனிக்கத் தொடங்கியது, சில குரங்குகள் மலேரியாவிலிருந்து தப்பின. ஆனால் அதிலிருந்து மனிதருக்கான ஊசி எதுவும் பாவனைக்கு வரவில்லை.

அந்த நான்கு மணிக் கோர்வை மட்டும் கடைசியில் வென்றது, வேறு வழியில். ஆர்.ரி.எஸ்.எஸ். என்ற ஊசியில், அந்தக் கோர்வை உள்ள துண்டைச் செங்கண்மாரி பி கிருமியின் மேலுறைப் புரதத்தோடு ஒரே மாலையாக நொதி மதுவத்தில், அதாவது ஈஸ்ற்றில், வளர்த்து எடுத்தார்கள். அந்தப் புரதம் தானாகவே சிறு உருண்டைகளாகத் திரளும். கிருமியின் பருமனில், கிருமியைப் போல. துண்டுக்கு இருக்க ஒரு வீடு கிடைத்தது. அதிலும் ஒரு பாடம் இருக்கிறது. 1997இல் வெளிவந்த பரீட்சையில் ஒரே ஊசியை மூன்று விதமான துணைமருந்தோடு கொடுத்தார்கள். அலுமினியம் உப்புள்ள கலவை பெற்ற 8 பேரில் 7 பேருக்கு மலேரியா வந்தது. எண்ணெய்க் கலவை பெற்ற 7 பேரில் 5 பேருக்கு வந்தது. எண்ணெயோடு, பக்ரீரியாக் கொழுப்பொன்றையும் சிலி நாட்டு மரப்பட்டையில் எடுக்கும் சவர்க்காரப் பொருளொன்றையும் சேர்த்துப் பெற்ற 7 பேரில் ஒருவருக்கு மட்டுமே வந்தது. துண்டு ஒன்றுதான், துணை வேறு.

ஆபிரிக்காவில் 15,000க்கு மேற்பட்ட பிள்ளைகளில் பார்த்தபின், 2021 ஒக்ரோபரில் உலக சுகாதார நிறுவனம் இதைச் சிபாரிசு செய்தது. நான்கு ஊசியும் பெற்ற 5 முதல் 17 மாதப் பிள்ளைகளில் ஏறக்குறைய நான்கு ஆண்டில் மலேரியா நூற்றுக்கு 36 குறைந்தது. 2023இல் ஆர்.21 என்ற இரண்டாவது ஊசியும் சிபாரிசாகியது. 1984இலிருந்து எண்ணிப் பாருங்கள், 37 ஆண்டுகள்.

எங்கள் ஊர் இதற்குக் காத்திருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இலங்கையில் உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா 2012இல். 2016 செப்ரெம்பரில் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. ஊசியால் அல்ல. இரத்தம் எடுத்துப் பார்த்து, மருந்தடித்து, நுளம்பு வலை கட்டி, குளிசை கொடுத்துச் சாதித்தார்கள்.

கொழுப்பு வால்

இனி எமக்கு அருகில் நடந்த ஒன்று. பக்ரீரியாக்களின் மேலுறைப் புரதம் சிலவற்றின் முனையில் ஒரு கொழுப்பு வால் உண்டு. எமது காவற் கலங்களில் அந்த வாலைப் பிடிக்கும் கொழுக்கி இருக்கிறது. வாலைக் கண்டதும் பக்ரீரியா வந்துவிட்டது என்று மணியடித்துவிடும். தென் ஜேர்மனியின் ரூபிங்கன் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் அந்த வாலை ஆய்வுகூடத்தில் செய்து, சளிக்காய்ச்சல் வைரசின் சிறு பெப்ரைட்டு ஒன்றோடு ஒட்டினார்கள். வேறு துணைமருந்து இல்லாமலே, வைரஸ் புகுந்த கலங்களைக் கொல்லும் ரி கலங்கள் எலிகளில் உண்டாயின. 1989இல் இதை வெளியிட்டார்கள். துண்டும் மணியும் ஒரே பொருளாகிவிட்டன.

32 ஆண்டுகளின் பின் அதே ஊரில், கொரோனாவுக்கு எதிராக ஆறு பெப்ரைட்டுகளோடு அந்த வாலின் வழிவந்த ஒரு பொருளைச் சேர்த்து 36 பேருக்குப் போட்டார்கள். 2021இல் முடிவு வந்தது. 28 நாளில் எல்லோரிடமும் ரி கலங்கள் விழித்திருந்தன. ஊசி போட்ட இடத்தில் கட்டி போலத் தடிப்பும் வந்தது. ஆனால் அது முதற் கட்டப் பரீட்சை. நோயைத் தடுக்கிறதா என்று பார்ப்பதற்கான அளவு ஆட்கள் அதில் இல்லை. அந்த ஊசி பொதுமக்கள் பாவனைக்கு வரவில்லை.

இரத்தம் சொல்வதும் நோய் சொல்வதும்

புற்றுநோயில் இந்த வித்தியாசம் இன்னும் கூர்மையாகத் தெரியும். தோற் புற்றுநோய்க் கலங்களில் உள்ள ஒன்பது மணிப் பெப்ரைட்டு ஒன்றில் இரண்டாவது மணியை மட்டும் மாற்றினார்கள். திரியோனின் இருந்த இடத்தில் மெதியோனின். ஒரேயொரு மணி. அதனால் அது கலத்தின் காட்டும் தட்டில் இறுக்கமாக ஒட்டியது. 1998இல் வெளிவந்த முடிவில் பெரும்பாலான நோயாளரின் இரத்தத்தில் ரி கலங்கள் உண்டாகியிருந்தன. ஆனால் அந்த ஊசியை மட்டும் பெற்றவர்களின் கட்டி சுருங்கவில்லை. 2011இல் இன்னொரு மருந்தோடு சேர்த்துப் பெரிய பரீட்சையாகச் செய்தபோது, மருந்தை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 6 பேருக்கும், ஊசியும் சேர்த்துப் பெற்றவர்களில் 16 பேருக்கும் கட்டி சுருங்கியது. அதிலும் ஒரு குறிப்பிட்ட இழைய வகை உள்ளவர்களே சேர முடிந்தது.

மூளைக் கட்டிக்கு ஒரு பெப்ரைட்டைக் கடல் நத்தை ஒன்றின் இரத்தப் புரதத்தோடு பிணைத்து றின்டோபெபிமற் என்ற ஊசியைச் செய்தார்கள். முந்திய சிறு பரீட்சைகள் மிகுந்த நம்பிக்கை கொடுத்தன. 745 பேருடன் பெரிய பரீட்சை நடந்தது. ஊசி பெற்றவர்களில் பிறபொருளெதிரி நன்றாகவே உயர்ந்தது. ஆனால் சத்திரசிகிச்சையின் பின் கட்டி மிகக் குறைவாக மிஞ்சியிருந்தவர்களில், ஊசி பெற்றவர்கள் நடுக்கணக்கில் 20.1 மாதமும், பெறாதவர்கள் 20.0 மாதமும் வாழ்ந்தார்கள். 2016இல் பரீட்சையை நிறுத்தினார்கள்.

சொல்ல வந்தது இதுதான். துண்டை மாற்றி, கட்டி, வால் வைத்து உடலைத் திரும்பிப் பார்க்கவைக்க இரசாயனத்தால் முடிகிறது. அது பெரிய சாதனை. ஆனால் உடல் திரும்பிப் பார்த்தது வேறு, நோய் போனது வேறு. முதலாவதை இரத்தப் பரிசோதனை சொல்லும். இரண்டாவதைப் பல பேரும் பல ஆண்டுகளும்தான் சொல்ல முடியும்.

கையெழுத்துக்கு முன்

ஆகவே இப்படியான கடதாசி எவர் கையில் வந்தாலும், வைத்தியரிடம் இவற்றைக் கேளுங்கள்.

இதற்கு முன் எத்தனை பேருக்குப் போட்டீர்கள்? இது முதற் கட்டமா, மூன்றாம் கட்டமா? முதற் கட்டம் என்றால் முக்கியமாகப் பாதுகாப்பைத்தான் பார்க்கிறார்கள்.

முன்னைய பரீட்சையில் கண்ட பலன் இரத்தத்திலா, நோயிலா?

ஊசி பெறாத ஒரு பிரிவு உண்டா? நான் எந்தப் பிரிவு என்று எனக்குத் தெரியுமா?

எனது இழைய வகை இதற்குப் பொருந்துமா?

இதில் சேர்ந்தால் இப்போது பெறும் சிகிச்சையை நிறுத்த வேண்டுமா? தடிப்பு, காய்ச்சல் வந்தால் இரவில் யாரை அழைப்பது?

இன்னும் இரண்டு விடயம். பரீட்சையில் சேராவிட்டால் வழமையான சிகிச்சையைக் குறைக்க மாட்டார்கள். சேர்ந்தபின்னும் காரணம் சொல்லாமலே எப்போதும் விலகலாம். அது சட்டம் தரும் உரிமை. உங்கள் வதிவிட அனுமதிக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அடுத்தது, மொழிபெயர்க்கப் பள்ளிக்குப் போகும் பிள்ளையை அழைத்துச் செல்லாதீர்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை, தகப்பனின் ஆயுளைப் பற்றி வைத்தியர் சொல்வதை வாயால் திருப்பிச் சொல்ல வேண்டி வருவது கொடுமை. முறையான மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். விளங்கும் மொழியில் விளக்கம் பெறாமல் அன்றைக்கே கையெழுத்து வைக்க வேண்டியதில்லை. கடதாசியை வீட்டுக்குக் கொண்டுவந்து ஆறுதலாக வாசியுங்கள்.

பிள்ளைகளின் வழமையான ஊசிகளை இதோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம். அவை பரீட்சைக் கட்டங்களைத் தாண்டி, ஹிப் ஊசியைப் போலப் பல்லாண்டு பலன் காட்டியவை. திகதி தவறாமல் போடுங்கள்.

மஞ்சள் புத்தகம் தொலைந்தவர்கள், ஊரில் போட்ட ஊசிக்கு அத்தாட்சி இல்லாதவர்கள் என்ன செய்வது என்று பலர் கேட்டிருந்தீர்கள். அதை அடுத்த இதழில் பார்ப்போம். கேள்விகளை வழமை போல ஆசிரியர் முகவரிக்கு எழுதுங்கள்.